தொப்பூர் ஏற்றத்தில் நின்ற வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேட்டரி மாற்றியாயிற்று, இனிமேல் வண்டி நிற்காது என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் சொன்னதை நம்பி, அடுத்த லீவுக்கும் நீ அதே வண்டியில் கிளம்பிவிடுவாய் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய். ஒன்றும் காதில் ஏறாது.

நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. திண்டுக்கல்லில் கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. கரூர், நாமக்கல், சேலம் தாண்டும்வரை நன்றாக ஓடியது. தொப்பூர் கணவாய் ஏறும்போது பட்டென்று இன்ஜின் அணைந்துவிட்டது. திணறவில்லை, உதறவில்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது, ஓசூர்வரை மக்கர் பண்ணாமல் போய்ச் சேர்ந்தாய்.

இதில் பேட்டரி எங்கே வருகிறது? ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குக் கரண்ட் கொடுப்பது டைனமோ. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட் பக்கம் காட்டும், அது டைனமோ தருவது. பேட்டரி நோஞ்சானாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. நாலு மணி நேரம் ஓடிய வண்டியை ஏற்றத்தில் நிறுத்தாது. டைனமோ செத்திருந்தால் மீட்டர் போர்டில் சிவப்பாகப் பேட்டரி விளக்கு எரிந்திருக்கும், நின்ற பிறகு செல்ஃபும் "டிக் டிக்" என்று முனகியிருக்கும். உனக்கு இரண்டும் இல்லை. முனை லூஸாக இருந்தால் வண்டி நிற்கலாம்தான், ஆனால் அப்போது செல்ஃப் அவ்வளவு ஜோராகச் சுற்றாது. பேட்டரி மாற்றியது தண்டச் செலவு.

செலவைவிட எனக்கு எரிச்சல் வேறொன்றில். உன்னுடையது 2014 மாடல். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் ஸ்கேனர் (கோளாறு படிக்கிற கருவி) சொருகுகிற 16 பின் சாக்கெட் இருக்கும். வண்டி நின்றபோது என்ன கோளாறு என்று இன்ஜினை நடத்துகிற வண்டியின் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரு நம்பரைக் குறித்து வைத்திருக்கும். இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்கிற கிராங்க் சென்சார் என்றால் P0335 என்று வரும். பேட்டரி வயரைக் கழற்றினால் பல வண்டிகளில் அந்தக் குறிப்பு அழிந்துபோகும். ஸ்கேனர் வைத்துப் பார்க்காமலே பேட்டரியைக் கழற்றி, இருந்த ஒரே தடயத்தையும் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக நான் பார்ப்பது இதுதான். "எலெக்ட்ரிக்கல் பொருள் ரிட்டர்ன் கிடையாது" என்று போர்டு மாட்டியிருக்கிறேனே, அது யாருக்காக என்று நினைக்கிறாய்? சென்சார் வாங்கிப் போவார்கள், மாட்டுவார்கள், வண்டி மறுபடி நிற்கும், "இது இல்லைக்கா, பம்பு கொடுங்க" என்று வந்து நிற்பார்கள். மெக்கானிக்கை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. டாக்டர் வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரிதான் இந்த வண்டிகள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது நன்றாக ஓடும். நோய் தெரிவது ரோட்டில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான், அப்போது பக்கத்தில் இருப்பது நீ ஒருத்திதான். பார்க்க வேண்டியதை நீ பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

சூட்டில் நின்று, ஆறியதும் ஓடினால் எனக்கு முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். அது என்னவென்று சொல்கிறேன். கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற தண்டு. அது சுற்றும்போது கூடவே ஒரு பல்சக்கரமும் சுற்றும். நிறைய வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், அதில் இரண்டு பல் வேண்டுமென்றே விட்டிருக்கும். எதிரே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் கட்டைவிரல் தண்டி ஒரு சென்சார். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அது சிக்னல் அனுப்பும். பல் இல்லாத இடம் வந்ததும் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புரியும். அதை வைத்துத்தான் எப்போது பெட்ரோல் அடிப்பது, எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்று தீர்மானிக்கிறது. பழைய மாதிரி சென்சாருக்குள்ளே முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருப்பார்கள். அதில் ஓர் இடத்தில் விரிசல் விட்டால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். சிக்னல் இல்லையென்றால் இன்ஜின் சுற்றவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பேனர் வேண்டாம், கண் போதும். அடுத்த முறை நின்றால், செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பார். சிக்னல் வந்தால் முள் கொஞ்சமாவது எழும்பும், 200, 300 பக்கம் துடிக்கும். பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் சென்சாரோ, வயரை அதில் சொருகுகிற கப்ளரோ, வயரோதான். ஆனால் சில வண்டிகளில் எல்லாம் நன்றாக இருக்கும்போதுகூட முள் எழும்பாது. அதனால் நாளைக்கே, வண்டி ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பிடிப்பதற்கு முந்தின அந்த ஒரு நொடியில் முள் என்ன செய்கிறது என்று பார்த்து வை. நல்ல நாளில் எப்படி என்று தெரியாமல் கெட்ட நாளில் பார்த்துப் பிரயோஜனமில்லை.

இரண்டாவது சந்தேகம் பெட்ரோல் பம்பு. அதற்குக் காதைத் தீட்டு. ரேடியோ, ஏசி காற்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பு, செல்ஃப் அடிக்காதே. பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி "ங்ங்ங்" என்று சத்தம் வந்து நிற்கும். அதையும் இப்போதே கேட்டுப் பழகு. நின்ற இடத்தில் அந்தச் சத்தம் இல்லையென்றால் பம்பு, அல்லது அதன் ஃபியூஸ், ரிலே. பின் சீட்டின் மேல் கையால் ஓங்கி நாலு தட்டுத் தட்டிப் பார். தேய்ந்த பம்பு சில சமயம் அதிலேயே விழித்துக்கொள்ளும். விழித்தால் பம்பு போகப்போகிறது என்று அர்த்தம், குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. இன்னொன்று, பம்பு குளிர்வது டேங்கில் இருக்கிற பெட்ரோலில்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிற உன் பழக்கத்தை விடு. உன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது.

பெட்ரோல் மூடியையும் ஒருமுறை திறந்து மூடு. காற்றை "புஸ்" என்று பலமாக உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியில் காற்று போகிற வழி அடைத்திருக்கலாம்.

டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டில் இருந்தால் இந்தப் பரீட்சை எதுவும் வேண்டாம். செல்ஃபும் அடிக்காதே, ரேடியேட்டர் மூடியிலும் கை வைக்காதே, ஆறும்வரை காத்திரு. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, தங்குதடையே இல்லாமல் "விர்ர்ர்" என்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். சாவியை விட்டுவிட்டு வண்டி தூக்குகிறவனைக் கூப்பிடு. மழைத் தண்ணீரில் இறங்கி நின்றாலும் அப்படியே. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை பேர் தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணிக் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டார்கள் தெரியுமா. சாதாரண இன்சூரன்ஸில் அதற்குப் பணம் வராது, இன்ஜினுக்கென்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

செல்ஃப் அடிப்பது ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் அரை நிமிஷம் விடு. கூட்டம் கூடி "தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் பாப்பா" என்பார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது தள்ளி என்ன ஆகப்போகிறது? நன்றி சொல்லி அனுப்பிவிடு.

இதையெல்லாம் செய்யும்போது போனை ஸ்டியரிங்குக்கு நேரே பிடித்து ஒரு வீடியோ எடு. சாவி ஆன், சத்தம், செல்ஃப், முள், எரிகிற விளக்குகள், எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும். எதிர்த்த ஒர்க்‌ஷாப் மேஸ்திரியிடம் சொன்னேன். "வீடியோ மட்டும் வரட்டும்க்கா, போன்லயே சொல்லிடறேன்" என்கிறார். வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்போதே சோதிக்கவும் வழி இருக்கிறதாம். சென்சாரை முடி காயவைக்கிற டிரையரால் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். கம்பி சுற்றிய வகையென்றால் சூட்டிலும் ஆறிய பிறகும் மீட்டரில் ஓம் அளந்து பார்க்கலாம். ஓசூரில் இதைச் செய்யச் சொல்லிக் கேள். "அதெல்லாம் வேண்டாம்மா, பம்பு மாத்திடலாம்" என்று ஆரம்பித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போ.

ஆனால் இந்த வீடியோ, முள் எல்லாம் வண்டி பத்திரமான இடத்தில் நின்றால் மட்டும். தொப்பூர் என்று நீ சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்ஜின் நின்ற பிறகும் இரண்டு மூன்று தடவை பிரேக் நன்றாகப் பிடிக்கும், அதற்கப்புறம் கல்லாகிவிடும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி இடது ஓரம் சேர். ஸ்டியரிங் கனக்கும், பலமாகத் திருப்பு. நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியை உருவாதே, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக், நாலு இண்டிகேட்டர், பின் டயருக்கு ஒரு கல். டிக்கியில் இருக்கிற சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வை, வளைவென்றால் வளைவுக்கும் முன்னாலேயே. இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு 1033-க்குப் போன் போடு, அது நேஷனல் ஹைவேக்கான நம்பர். இருட்டிவிட்டால் யோசிக்காமல் அவசர நம்பர் 112. கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதே. லாரிக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள், பின்னால் வருகிற டூவீலர்காரன் அதில் ஏறி விழுகிறான்.

அப்பா வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். ஒரு சென்சாருக்காக யாராவது வண்டியை விற்பார்களா, நீ கண்டுகொள்ளாதே. உன் மாடலுக்குக் கம்பெனி சென்சார் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது அனுப்ப மாட்டேன். முள் அசையவில்லை என்று தெரியட்டும், அன்றைக்கே பார்சல் போடுகிறேன். அதுவரை ஊருக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ வா. வண்டியை ஓசூருக்குள்ளேயே ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓட்டு.

புது பேட்டரிக்கு வாரண்டி கார்டில் தேதியும் சீலும் போட்டார்களா என்று பார். பழைய பேட்டரியை அவர்களே வைத்துக்கொண்டிருந்தால் அதற்கான விலையைப் பில்லில் கழித்திருக்க வேண்டும். கழிக்கவில்லையென்றால் நாளைக்கே போய்க் கேள், கூச்சப்படாதே.

அன்புடன்,
அம்மா