பார்க்கிறவர் தலைக்கு எத்தனை ஜிபி?

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஒபரேசன் நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். இங்கே சிறுபோக விதைப்பு முடிந்து, சனம் இரணைமடுத் தண்ணிக்கு முறை பார்த்துக்கொண்டிருக்குது.

இனி உங்கட சனசமூக நிலையம் கோயில் பூசையை இணையத்தில் நேரலையாய்க் காட்டுகிற விசயம். படத்தை எல்லாருக்கும் அனுப்புகிற கணினிக்கு, அதுதான் சேர்வருக்கு, கட்டுகிற வாடகையைக் குறைக்க வழி கேட்டிருக்கிறாய். அதில் கை வைத்துப் பெரிதாய் மிச்சம் வராது. காசைத் தின்னுறது சேர்வரிலிருந்து வெளியே போகிற டேட்டா. 720பி தரப் படத்தை 2.5 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 2.5 மெகாபிட்) வேகத்தில், 128 கேபிபிஎஸ் (கிலோபிட்) ஒலியோடு அனுப்பினால், ஒருவர் ஒரு மணித்தியாலம் பார்க்கக் கிட்டத்தட்ட 1.18 ஜிபி போகும். பூசை 4 மணித்தியாலம், சராசரி 300 பேர் என்று வை: ஏறத்தாழ 1,400 ஜிபி. அமேசான் கிளவுட்டில் அமெரிக்க, ஐரோப்பியச் சேர்வர்களுக்கு மாதத்தில் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் 10 டிபி (ஒரு டிபி ஆயிரம் ஜிபி அளவு) வரை ஜிபிக்கு 9 அமெரிக்கச் சதம். ஒரு நாள் பூசைக்கே 117 டொலர் அளவில் வரும். பத்து நாள் திருவிழா ஆயிரம் டொலரைத் தாண்டும்.

அதே டேட்டாவை ஹெட்ஸ்னர் நிறுவனத்தின் ஜெர்மனிச் சேர்வரில் விட்டால் மாதம் 20 டிபி வாடகைக்குள்ளேயே அடங்கும். ஆனால் 300 பேருக்கு 2.6 எம்பிபிஎஸ் என்றால் 780 எம்பிபிஎஸ். 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்கு அது விளிம்பு. கூட்டம் அதற்கு மேல் வரும் நாளுக்கு மட்டும் முன்னால் ஒரு சிடிஎன் (படத்தை வாங்கிப் பல ஊர்ச் சேர்வர்களிலிருந்து பிரித்துக் கொடுக்கிற சேவை) போடு. பன்னி போன்ற சிடிஎன் நிறுவனங்களில் ஐரோப்பா, வட அமெரிக்காவுக்கு ஜிபிக்கு 1 சதம், ஆசியாவுக்கு 3 சதம். முற்பணம் கட்டுகிற முறை என்பதால் காசு முடிந்தால் ஒளிபரப்பு நிற்குமே தவிர, விடிய எழும்பிப் பார்க்கும்போது பில் தலைக்கு மேல் நிற்காது. எனக்கு அதுதான் பிடிச்சது.

உங்கட ஆட்கள் இருக்கிறது லண்டனிலும் ரொறன்ரோவிலும். கொழும்பில் சேர்வர் எடுத்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் இலங்கையை விட்டுக் கடல் தாண்ட வேணும். ஜெர்மனியில் இருந்தால் இலங்கையிலிருந்து வெளியே போவது உங்கட ஒரேயொரு ஓட்டம். வைகாசிப் பொங்கல் இரவுக்கு நேரத்தையும் பார். இங்கே நடுச்சாமம் லண்டனில் மாலை 7.30, ரொறன்ரோவில் பின்னேரம் 2.30. ரொறன்ரோச் சனம் வேலை முடிந்து வர இங்கே விடியப்புறம் 3 மணி ஆகும். உச்சம் ஒன்றில்லை, இரண்டு. கடைசி உச்சத்தை மட்டும் வைத்து முழு இரவுக்கும் பெருக்கினால் செலவு கூடத்தான் தெரியும்; பார்வையாளர் மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்.

அடுத்தது பிட்ரேட், அதாவது செக்கனுக்கு எவ்வளவு டேட்டா அனுப்புகிறாய் என்பது. தீபாராதனைக்கும் காவடிக்கும் புகை, சுடர், ஆட்டம் எல்லாம் உண்டு, 720பி வேணும். கச்சேரிக்கும் சொற்பொழிவுக்கும் 480பி, 1 எம்பிபிஎஸ் தாராளம்: ஒலியோடு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட அரை ஜிபிதான். 64 கேபிபிஎஸ்ஸில் ஒலி மட்டும் என்றொரு இணைப்பும் கொடு. மணித்தியாலத்துக்கு 29 எம்பி, வேலைத்தலத்தில் காதில் மாட்டிக் கேட்கிறவருக்கு அது காணும். ஒளிபரப்பு மென்பொருள் ஓபிஎஸ்ஸில் சிபிஆரை (மாறாத பிட்ரேட்) விட்டு விபிஆர் (படத்துக்கேற்ப மாறும் பிட்ரேட்) போட்டால், மேடை சும்மா கிடக்கும் நேரம் டேட்டா தானாய் இறங்கும். பூசை முடிந்ததும் ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லு பெடியளிட்ட. வெறும் வீதியைக் காட்டிக்கொண்டு நின்றால், ரிவியை அணைக்காமல் படுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் டேட்டா போகும்.

சேர்வருக்குள் 1080பி, 720பி, 480பி என்று மூன்றாய்ப் பிரிக்காதே. ஒவ்வொரு தரத்துக்கும் படத்தைத் தனியாகச் சுருக்க (என்கோடிங்) வேணும்; ஓன்காஸ்ட் போன்ற நேரலைச் சேர்வர் மென்பொருளில் கணினியின் மூளையான சிபியு திணறி எல்லாருக்கும் படம் ஓடாமல் சுத்திக்கொண்டு நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டு தரம் போதும். திருவிழா இல்லாத மாதங்களில் சேர்வரை நிறுத்தி வைத்தால் பல இடங்களில் வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும். ஸ்னப்ஷொட் (சேர்வரின் முழு நகல்) எடுத்துவிட்டு அழி, தேவைக்கு முதல் நாள் திரும்ப எழுப்பு. பழைய பதிவுகளை ஹாட் டிஸ்குக்கு இறக்கு.

கோயில் பக்கச் செலவு சின்னது. 4 மணித்தியாலத்துக்கு மேலே ஏற்றுவது 4.7 ஜிபிதான். சிக்கல் வேறு: கூட்டம் கூடினவுடன் கைத்தொலைபேசிக் கோபுரம் நெரிந்து அப்லோட் விழும். பக்கத்து வீட்டில் பைபர் இருந்தால் அங்கிருந்து இழு. செப்பு லான் கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகாது, மின்னலையும் கூட்டிக்கொண்டு வரும். பைபர் கேபிளே போடு. ஜெனரேற்றரில் நேரே லப்ரொப்பைக் கொழுவாதே, வோல்ற்றேஜ் ஏறி இறங்கும். லப்ரொப், கமெரா, ரவுட்டர் சேர்ந்து 100 வாற்றுக்குள் நின்றால், 12 வோல்ற் 100 ஏஎச் (அம்பியர் மணித்தியாலம்) ஈய அமிலப் பற்றரியில் பாவிக்கக்கூடிய பாதி 600 வாற் மணித்தியாலம். இன்வேர்ட்டர் தின்றது போக 4 மணித்தியாலத்துக்குத் தாங்கும்.

கடைசியாய்க் காசு. பில் டொலரில் அல்லது யூரோவில், உண்டியல் ரூபாவில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினதை மறந்திருக்க மாட்டாய். அதனால் வெளிநாட்டு ஊர் ஒன்றியத்தையே நேரே அங்கே கட்டச் சொல்லு. ஆனால் கணக்கின் மின்னஞ்சலும் டொமைன் (இணையத்தளப் பெயர்) பதிவும் நிலையத்தின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் இரண்டு பேரிட்ட இருக்கட்டும். அங்கே ஒருவரின் வங்கிக் காட் காலாவதியானால் இங்கே கொடியேற்றத்தன்று சேர்வர் படுக்கும்.

போன மாதப் பில்லில் டேட்டா வரியை மட்டும் படம் எடுத்து வைபரில் போடு. 480பிக்கு இறக்கினால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்