அந்த "எவ்ரி மார்னிங்" பத்தி அம்மா எழுதுறது

கண்ணா,

புது டீமுக்கு உன்ன அறிமுகப்படுத்தி எழுதின மெயில அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாரும்மான்னு கேட்டியே, மூணு தடவ படிச்சுட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்க, ஒரே ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப இடறுது, போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வெச்சுடுவ, அதான் எழுதுறேன்.

"ஐ ஆம் செக்கிங் தி ரிப்போர்ட்ஸ் எவ்ரி மார்னிங்"னு போட்டிருக்க. இது நம்ம தமிழ் உள்ள இருந்து பண்ற வேல. "தினமும் காலைல நான்தான் பாத்துட்டிருக்கேன்"னு நாம சொல்றது தப்பே இல்ல, நம்ம "ட்டிருக்கேன்" பழக்கத்துக்கும் வரும், இந்த நிமிஷம் நடக்குறதுக்கும் வரும். இங்கிலீஷ்ல வழக்கமா செய்யுற வேலைக்கு "ஐ செக்" போதும்டா. அதே ரிப்போர்ட்ட லீவுல போனவருக்குப் பதிலா இந்த வாரம் மட்டும் நீ பாக்குறேன்னா "ஐ ஆம் செக்கிங் தெம் திஸ் வீக்", அது ரொம்ப சரி.

ஆனா எவ்ரி வந்தா "செக்கிங்"ல கடைசில வர்ற அந்த "இங்" வரவே கூடாதுன்னு மனப்பாடம் பண்ண வெச்சிருப்பாங்க, அதையும் அப்படியே நம்பாத. "அட் எய்ட் எவ்ரி மார்னிங் ஐ ஆம் யூஷுவலி டிரைவிங்"னு தாராளமா சொல்லலாம், ஏன்னா எட்டு மணிக்கு நீ பாதி வழில இருக்க, எட்டுக்கு முன்னாடியே கெளம்பியாச்சு, எட்டு தாண்டியும் ஓட்டுவ. அங்க "ஐ டிரைவ்"னு போட்டா எட்டுக்குத்தான் வண்டியையே எடுக்குறேன்னு ஆயிடும். அதனால டைம் சொல்ற வார்த்தைய மட்டும் பாத்து முடிவு பண்ணாத, அந்த நேரத்துல வேல எந்த நெலமைல இருக்குன்னு பாரு.

"ஆல்வேஸ்" இன்னும் ஆபத்து. "மை லீட் இஸ் ஆல்வேஸ் ஆஸ்கிங் மை ஒப்பீனியன்"னு நன்றியாத்தான் எழுதியிருக்க, எனக்குப் புரியுது, ஆனா படிக்கறவங்களுக்கு எப்பப் பாத்தாலும் கேட்டு நச்சரிக்கிறார்னு படும். "ஆல்வேஸ் ஆஸ்க்ஸ்"னு மாத்திடு, இத மட்டும் மறக்காத.

"ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" வேண்டாம், "ஐ ஹேவ்". "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் லாஸ்ட் இயர்"ம் நிக்காது, அன்னிக்கு ஆரம்பிச்சு இன்னும் ஓடுதுன்னா "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்".

இன்னொண்ணு, எல்லா எடத்துலயும் இங் போட்ட நீ கடைசி வரில மட்டும் "ஐ லிவ் ஹியர் வித் டூ ஃப்ரெண்ட்ஸ்"னு எழுதியிருக்க. இப்போதைக்கு இருக்கேன்னா "ஐ ஆம் லிவிங்" வந்திருக்கணும், இங்கதான் இனிமேன்னா நீ எழுதினது சரி. ரெண்டுமே தப்பில்லாத இங்கிலீஷ், அதனால இத மட்டும் நான் திருத்தல. யோசிச்சு எழுதினியா, கை தானா போட்டுச்சா? ராத்திரி போன் பண்ணும்போது சொல்லு.

அம்மா