அடுத்த மாடிக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன்: யாழ். மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ முதல்வருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புல்லுக்குளத்தடிக் கலாசார மையத்துக்கு என்ன பெயர் என்று 2025இல் ஊரே சண்டை பிடித்தது. சரி, பெயரும் முக்கியம்தான். ஆனால் அதை ஒரு கட்டடமாகப் பார்த்துப் பேசியவர்கள் குறைவு. இனி எழப்போகிற மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கப் போகிறவர்கள் நீங்கள் என்பதால் எழுதுகிறேன்.

இந்திய நிதியில் எழுந்த அந்த மையத்தை வடிவமைத்தவர் மதுர பிரேமதிலக. அதன் கோபுரக் கட்டடம் 11 மாடி. எனக்குப் பிடித்தது அந்த உயரம் இல்லை. 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு, அருங்காட்சியகம் எல்லாம் வைத்த பிறகும், சனம் சும்மா வந்து கூட ஒரு சதுக்கத்தைத் தரையில் விட்டிருக்கிறார்கள். காணி விலை ஏறிக்கிடக்கிற நகரத்தில் ஒரு தனியார் முதலாளி இதைத் தானாகச் செய்ய மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பக்கத்தில் நிற்பது யாழ். பொது நூலகம். கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து 1959இல் திறந்து, 1981இல் எரிந்து, அதே முகத்தோடு திரும்ப எழுந்தது. கோபுரம் வந்து நூலகத்தைச் சின்னதாக்கிவிட்டது என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. சில பக்கத்தால் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. இன்னொரு மாடிக் கட்டடம் அங்கே வந்தால் நூலகத்தின் குவிமாடம் பின்னேர வானத்தில் தெரியுமா என்று யாராவது கேட்டாக வேண்டும்.

அப்புறம் வெயில். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டு, நாள் முழுக்க ஏசி ஓடவிடுவதை நவீனம் என்கிறோம். முற்றமும் விறாந்தையுமாக நாற்சார் வீடு கட்டிய ஊரில்!

இவற்றைவிடப் பெரிய பயம் நிலத்துக்குக் கீழே. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் ஊறி நிற்கிற தண்ணீரைத்தான் இன்னும் பல வீடுகள் கிணற்றில் அள்ளுகின்றன. அத்தனை மாடி மலசலகூடக் கழிவையும் ஒரு மலக்குழிக்குள் விட்டால், அது அயல் கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுத்திகரிப்பு எங்கே, எப்படி என்று வரைபடத்தில் காட்டாத கட்டடத்துக்கு அனுமதி வேண்டாம்.

ஒவ்வொரு உயர் கட்டடத்தின் படத்தையும், அயலில் உள்ளவற்றோடு ஒரே அளவில் வரைவித்து, அனுமதிக்கு முன்பே சனத்தின் பார்வைக்கு வையுங்கள். நூலக வாசிகசாலைச் சுவரில் ஒட்டினாலே போதும்.

இப்படிக்கு,
நகரவாசி ஒருவர்