கதீற்றர் மாற்றும் திகதியையும் கொப்பியில் எழுதித் தாருங்கள்: மட்டக்களப்பு மாவட்டச் சுகாதாரத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வைத்தியசாலைகளையும் சுகாதாரப் பிரிவுகளையும் நிருவகிக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து இதை எழுதுகிறேன். என் தம்பி 2016ஆம் ஆண்டு தென்னையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவன். அன்று முதல் அவனுக்குச் சலம், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி வைக்கும் கதீற்றர் என்னும் குழாய் வழியாகத்தான் போகிறது. அவனுக்காகவும் அவனைப் போன்றவர்களுக்காகவும் நான் கேட்பது இதுதான்: கதீற்றருடன் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் அதை மாற்றவேண்டிய திகதி தமிழில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும், அந்தத் திகதியில் அவருக்கு மிக அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே அது மாற்றப்பட வேண்டும்.

முதன்முறை தம்பியை வைத்தியசாலையொன்றிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எங்கள் கையில் இருந்தது, நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட் ஒன்று மட்டுமே. அது ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கங்களாக எழுதப்பட்டிருந்தது. ஏழாவது வாரம் ஒரு நாள் இரவு, குழாயோடு இணைத்த பையில் சலம் விழுவது நின்றது. அடிவயிறு கல்லாக இறுகியது. சிறிது நேரத்தில் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. விடியுமுன்னே முச்சக்கர வண்டியில் கொண்டு ஓடினோம். அங்கே அவனைப் பொறுப்பேற்ற தாதி அந்தக் காட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நான்கு வாரத்தில் மாற்ற வேண்டுமென்று கடைசி வரியில் எழுதியிருப்பதைச் சொன்னார். லேற்றெக்ஸ் என்னும் இறப்பர் குழாயை ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குள் மாற்ற வேண்டும் என்பதும், சிலிக்கோன் குழாய் பன்னிரண்டு வாரம் வரை தாங்கும் என்பதும், எங்கள் வீட்டில் இருந்தது எந்த வகை என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கழற்றிய குழாயின் நுனியை அவர் எனக்குக் காட்டினார். வெற்றிலைத் தட்டில் காய்ந்துபோன சுண்ணாம்பைப் போல அதன் துவாரத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ இறுகிப்போயிருந்தது. புரோட்டியஸ் என்னும் பக்டீரியா சலத்திலுள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது என்றும், அதனால் சலம் காரத்தன்மை அடைந்து, அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் பொசுபேற்று உப்புகளாகப் படிந்து குழாயை அடைக்கின்றன என்றும் பின்னர் வைத்தியர் விளக்கினார். அடைபட்ட சலம் சிறுநீரகம் நோக்கித் திரும்பினால் கிருமி இரத்தத்திலும் கலக்கக்கூடும்.

எங்கள் பக்கத் தவறுகளையும் மறைக்கக் கூடாது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் வெட்கப்பட்டு, கட்டிலில் தொங்கும் பையைத் தூக்கி மெத்தையில் அவனருகே வைத்து விரிப்பால் மூடிவிடுவோம். முச்சக்கர வண்டியில் அந்தப் பையை அவன் மடியில் வைத்தவளும் நான்தான். பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே போனால், அதில் கிடக்கும் பழைய சலம் கிருமிகளோடு உள்ளே திரும்பக்கூடும் என்று எங்களுக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. குழாய் போட்ட இடத்தைக் கழுவும் தண்ணீரில் அம்மா கிருமிநாசினி ஊற்றுவா. சவர்க்காரமும் சுத்தமான தண்ணீருமே போதும் என்று இப்போது அறிவோம். தம்பியோ பையை அடிக்கடி வெறுமையாக்கும் வேலையை எங்களுக்கு வைக்கக் கூடாதென்று சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடியாமல் கிடப்பான். ஐந்து நிமிடம் ஒதுக்கி, எங்கள் கையாலேயே ஒருமுறை செய்வித்துப் பார்த்து அனுப்பியிருந்தால் இவற்றில் பாதியாவது நடந்திராது.

கதீற்றர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சலத்தில் பக்டீரியா குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 வீதம் வரை கூடுகிறது என்பது மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோரிடமும் அது இருக்கும். கிணற்றுக் கட்டில் பாசி பிடிப்பதைப் போலக் குழாயின் சுவரில் அவை ஏடாகப் படிகின்றன. மருந்து அந்த ஏட்டைத் துளைத்து எளிதில் உள்ளே போவதில்லை. ஆகவே சலப் பரிசோதனை ரிப்போட்டில் கிருமி இருப்பதனால் மட்டும் நோய் வந்துவிட்டதாகாது. சலம் கலங்கியிருக்கிறது, மணக்கிறது என்று நாங்கள் பயந்து போன போதெல்லாம் தம்பிக்கு அன்ரிபயோற்றிக் எழுதப்பட்டது, மூன்று தடவை. பிறகு உண்மையாகவே காய்ச்சல் வந்தபோது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போட்டில் இருந்த கிருமி அந்த மாத்திரைகள் எதற்கும் அடங்காததாக இருந்தது. காய்ச்சல், நடுக்கம், விலாநோவு, வயதானவர்களுக்குத் திடீர்த் தடுமாற்றம், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குக் கால் இழுப்பு கூடுதல் ஆகியனவே பொருட்படுத்த வேண்டிய அறிகுறிகள் என்பதும், நாட்பட்ட குழாயிலிருந்தோ பையிலிருந்தோ அல்லாமல் புதிதாகப் போட்ட குழாயிலிருந்து எடுத்த சலத்தையே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அவை கிராமத்து நோயாளியின் வீடு வரை வந்து சேரவில்லை என்பதையே சொல்ல வருகிறேன்.

இதற்குப் புதிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. படுவான்கரையில் எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்க்கும் தன் பிள்ளையின் அடுத்த தடுப்பூசித் திகதி தெரியும். அது கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். தவறினால் குடும்பநல உத்தியோகத்தர் படலையடிக்கு வந்து கூப்பிடுவார். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் கதீற்றரின் வகை, அளவு, போட்ட திகதி, மாற்றும் திகதி என்ற நான்கு வரிகளைத் தமிழில் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? பிரதேச வைத்தியசாலைகளில் குழாய்களும் பழகிய கைகளும் இருந்தால், பத்து நிமிட வேலைக்காக ஒரு நாள் கூலியையும் வண்டிக் காசையும் இழந்து தூரம் போக வேண்டியதில்லை. மாரியில் தாழ்நிலப் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கும்போது திகதி தப்பிப்போவது இங்கு வழக்கம். சோம்பலால் எவரும் தவறவிடுவதில்லை.

மாற்றும் ஒவ்வொரு தடவையும், இவருக்குக் கதீற்றர் இன்னும் தேவையா என்றும் கேட்கப்பட வேண்டும். தொற்றைத் தவிர்க்க, தேவையற்ற குழாயை எடுத்துவிடுவதைவிடச் சிறந்த வழியில்லை. கைகள் நன்றாக இயங்குபவர்கள் நாளுக்கு நான்கு தொடக்கம் ஆறு தடவை தாங்களே குழாயைச் செலுத்திச் சலத்தை எடுத்துவிட்டுக் கழற்றிவிடும் முறையை, சுத்தமான கைகளோடு வீட்டிலேயே செய்யலாமென்று அமெரிக்க வைத்தியர் ஜாக் லாபிடஸ் 1972இல் காட்டினார். நிரந்தரக் குழாயைவிட இதில் தொற்று குறைவு. தம்பியின் கைகளுக்கு எந்தக் குறையுமில்லை. இத்தனை ஆண்டுகளில் இப்படியொரு வழி இருப்பதாக அவனிடம் எவரும் சொல்லவில்லை. நான் வாசித்துச் சொன்னபோது, "பழக்கித் தர ஆள் இருந்தா நான் நாளைக்கே தொடங்குவன் அக்கா" என்றான்.

அவனுடைய அடுத்த திகதி கார்த்திகை நடுப்பகுதியில் வருகிறது. பாதையில் வெள்ளம் ஏறினால் கொண்டுபோவதற்கு உழவு இயந்திரம் ஒன்றுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஓர் அக்கா