ஃப்ரிட்ஜில் வைத்த மாதிரியும் 'பூச்சி இல்லை' ரிப்போர்ட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், மல மாதிரியை முந்தின இரவே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் சாவகாசமாக லேபில் கொடுக்கலாம் என்று ஒரு வரி. வாசகர் வசதியில் தங்களுக்குள்ள அக்கறை புரிகிறது. அமீபாவுக்குத்தான் புரியாது.

தண்ணீராகப் போகும் மலத்தில் நகரும் அமீபாவையும் ஜியார்டியாவையும் (இரண்டும் குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள்) பார்க்க, மலம் கழித்த அரை மணி நேரத்துக்குள் ஸ்லைடு போட்டாக வேண்டும். இளகிய மலத்துக்கு ஒரு மணி நேரம். கெட்டியானதில் பெரும்பாலும் சிஸ்ட்டும் (அதே ஒட்டுண்ணி உறை போட்டு அசையாமல் இருக்கும் நிலை) புழு முட்டையும்தான் இருக்கும். அது ஒரு நாள் குளிரில் தாங்கும். ஆனால் லேபுக்கு ஓடுபவர் பேதிக்காரர் ஆயிற்றே! டப்பாவில் சிறுநீர் கலந்தாலும் நகரும் உயிர் செத்துவிடும். அதையும் யாரும் எழுதுவதில்லை.

முன்பொரு கட்டுரையில், அயோடின் சொட்டினால் அமீபா துள்ளுவது தெரியும் என்றீர்கள். அயோடின் பட்டால் துள்ளுவதும் அடங்கிவிடும். அசைவு பார்க்க 0.85 சதவீத உப்புக் கரைசல். சிஸ்ட்டின் உட்கருவை எண்ண அயோடின். ஒரே ஸ்லைடில் இரண்டு சொட்டு, ஒவ்வொன்றிலும் சுமார் 2 மில்லிகிராம் மலம், மேலே கவர்ஸ்லிப். கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரியுமளவு மெல்லிசாக இருக்க வேண்டும். அந்த வகையில் தங்கள் தாளால் எங்களுக்குப் பயன் உண்டு.

'ஒருமுறை இல்லை என்று வந்தால் நிம்மதி' என்று போன வருடம் எழுதியதும் மறக்கவில்லை. ஜியார்டியா தினமும் வெளியேறாது. அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நாளுக்குள் மூன்று மாதிரி கேட்கிறோம். முட்டை குறைவாக இருந்தால் நேரடி ஸ்லைடில் தப்பிவிடும். ஃபார்மலினும் ஈதரும் சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜ் என்ற கருவியில் வேகமாகச் சுற்றி, அடியில் தங்குவதைப் பார்க்க வேண்டும். நிறையுப்புக் கரைசலில் மிதக்கவிடுவது சுலபம்தான். கொக்கிப்புழு முட்டை மேலே வரும். டீனியா வகை நாடாப்புழு முட்டையும், கருவுறாத உருண்டைப்புழு முட்டையும், மூடி போன்ற அமைப்புள்ள தட்டைப்புழு முட்டையும் அடியிலேயே கிடக்கும். மேல்படலத்தை மட்டும் பார்த்தவர் 'இல்லை' என்றுதான் எழுதுவார். 4 முதல் 6 மைக்ரானே உள்ள கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு மாற்றியமைத்த ஆசிட்-ஃபாஸ்ட் சாயம் தேவை. சாயமேற்றாவிட்டால் ஈஸ்ட் என்று தள்ளிவிடுவார்கள். கீரிப்பூச்சியை மலத்தில் தேடுவதே வீண். காலையில் கழுவுவதற்கு முன் ஆசனவாயில் செலோடேப் ஒட்டி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தாங்கள் அறியாததல்ல. இடம் போதாமல் விட்டிருப்பீர்கள். ராசிபலனுக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டுமே.

அடுத்த இதழில் அந்த ஃப்ரிட்ஜ் வரியை மட்டும் திருத்தி, மாதிரி எடுத்த நேரத்தை டப்பா மேல் எழுதித் தரும்படி ஒரு வரி சேர்த்தால் போதும். மூடியில் வேண்டாம், மூடிகள் மாறிவிடும்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியனாகிய ஒரு வாசகன்