மினிட் புத்தகம் உன்னிடம்தானே?

கன்சால்பேட்டை, வேலூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுதாததற்கு முட்டிவலி காரணமில்லை, தெருவேலை. இந்த வயதில் என்ன தெருவேலை என்று உன் தங்கச்சியும் தினம் கேட்கிறாள்.

ஊரில் சங்கம், போராட்டமெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது, ஆனால் நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, ஆறு என்றால் மணல் என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் பாலத்தில் நின்று படமெடுத்தார்கள். இங்கே நிக்கல்சன் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்று ராத்திரி நம்ம தெருப் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, யாரிடம் பால் பவுடர் இருக்கிறது, அவ்வளவுதான் பேச்சு. தண்ணீர் வடிந்தது, குழு வடியவில்லை. இப்போது குப்பை வண்டி வராவிட்டால் படம், தெருவிளக்கு எரியாவிட்டால் படம். தலைவர் கிடையாது, பொருளாளர் கிடையாது, சந்தா கிடையாது. ரப்பர் ஸ்டாம்ப் செய்யவே நாம் மூன்று மாதம் சண்டை போட்டோமே!

நம் காலத்து வேகம் வேறு. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவுநீருக்காக நம் மாவட்டத்து ஆட்கள் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ல்தான் தீர்ப்பு. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற சட்டப் பேச்சுக்கு இன்றும் இந்த வழக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனாலும் 2025 ஜனவரியில் அதே பாலாறு, அதே நீதிமன்றம், மறுபடியும் உத்தரவு. இடையில் 2019-ல் மாவட்டம் மூன்றாகிவிட்டது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரில், வாலாஜா இராணிப்பேட்டையில், பேரணாம்பட்டு மட்டும் நம்மிடம். ஒரே ஆற்றுக்கு இப்போது மூன்று கலெக்டர்களிடம் மனு எழுத வேண்டும்.

மனுவே எழுதாமல் வேலையாகவே நடப்பதும் உண்டு. நம் பக்கத்து நாகநதி ஆற்றுக்காக நூறு நாள் வேலைப் பெண்கள் சுமார் 20,000 பேர், மழைநீர் நிலத்துக்குள் இறங்க உறை இறக்கிக் கிணறு கிணறாகத் தோண்டி நிலத்தடி நீரை மீட்டிருக்கிறார்கள். நம் மாநகராட்சியின் 37-வது வார்டில் 2022-ல் கங்கா நாயக் என்ற திருநங்கை கவுன்சிலராக ஜெயித்தது உனக்குத் தெரிந்திருக்கும். அதே வருஷம் நவம்பர் 1-ல் கிராம சபை மாதிரி நகரத்துக்கும் பகுதி சபை என்று தமிழ்நாடு முழுக்க ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் டீயோடு எழுந்து போய்விடுகிறார்கள் என்றாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன கூட்டத்தில் நம் குழுப் பிள்ளைகள் போனில் ஒவ்வொரு படமாகக் காட்டி, கால்வாய் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்று பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். பின்னால் ஒரு அம்மா, மடியில் முறம், பீடி சுற்றிய கை நிற்கவேயில்லை. திடீரென்று, "இன்னாத்துக்கு போட்டோ? எங்க ஊட்டாண்ட வந்து நில்லு, நாத்தமே சொல்லும். எடுக்கணும்னு சொல்றியே, எங்க ஊட்டதான சொல்ற?" என்றாள். பந்தல் அடங்கிவிட்டது. குழுவில் 180 பேர் இருக்கிறோம். கால்வாய்க் கரையில் ஏழு வீடு, அதில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. நாலு வருஷமாக அவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம், அவர்களோடு பேசியதில்லை. நானும் அந்த 180-ல் ஒருவன்தான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாளே இரண்டு பேர் அந்த அம்மா வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார்கள். அவள் மாமியார் காலத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறார்களாம். கால்வாய் குறுகியது எதிர்ப்பக்கம் காம்பவுண்ட் சுவர் எழுந்த பிறகுதான் என்கிறாள். உண்மையாக இருக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு வந்த அதிகாரி, "பழைய அளவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை. வெள்ளத்தன்று எடுத்த படங்கள்கூட போன் மாற்றியதில் போய்விட்டன. இந்தக் குழுவுக்கு வேகம் உண்டு, ஞாபகம் கிடையாது.

அப்போதுதான் கூட்டக் குறிப்பெல்லாம் எழுதி வைத்த நம் பழைய சங்கத்து மினிட் புத்தகம் நினைவுக்கு வந்தது. சிவப்பு பைண்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காக ராத்திரி வகுப்பு எடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ கயிறு பிடிக்க நான் எழுத, பாலத்திலிருந்து முனை வரை கால்வாயை அளந்தோம். கரையில் யார் யார் வீடு இருந்தது என்றும் குறித்தோம். எத்தனை அடி என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நீ வீடு மாறும்போது பெட்டியோடு எடுத்துப் போனாய் என்று உன் தங்கச்சி அடித்துச் சொல்கிறாள்.

பரணில் தேடிப் பார். கிடைத்தால் போட்டோ எடுத்து அனுப்பாதே, புத்தகத்தையே கூரியரில் போடு. அடுத்த சபைக்குள் வந்தால் அந்த அம்மா கையில் கொடுத்துப் பேசச் சொல்கிறேன்.

அன்புடன்,
மணி