காவடிக்கும் கேமராவுக்கும் நடுவே இரண்டு மீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசத்துக்கு மறுநாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. யாரோ எடுத்து இணையத்தில் பகிர்ந்த படம். அலகுக் காவடியோடு என் தம்பி மகன். கீழே கேமராவின் பெயர், 24 மி.மீ. லென்ஸ், துளை அளவு, ஐஎஸ்ஓ எல்லாம் இருந்தன. எடுத்தவர் பெயரும் இருந்தது. காவடி எடுத்தவன் பெயரைக் காணோம்.

அந்தப் படம் எடுக்கப்பட்டபோது நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்திலேயே நின்றேன். சிங்கப்பூர் பெருமாள் கோயிலிலிருந்து காவடியோடு புறப்பட்டு, வழியில் சிலிகி சாலையில் முக்காலியில் சற்று உட்கார்ந்திருந்தான். நாவில் வேல், பேச முடியாது. கண்ணை மூடியிருந்தான். ஓர் இளைஞர் குனிந்து லென்சை நீட்ட, அதன் முன்னால் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹுட், ஓரத்து அலகுக் கம்பியில் இடித்தது. பையன் முகம் சுருங்கியது. இளைஞர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், இடிபட்டவனிடம் கேட்கவில்லை.

நானும் படம் எடுக்கிறவன்தான். கேமராவே வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எங்கே நிற்கிறோம் என்பதைப் பாதி லென்சே முடிவு செய்துவிடுகிறது. முகமும் தோளும் செங்குத்துச் சட்டத்தை நிரப்ப, முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில், அகலமாகப் பார்க்கும் 24 மி.மீ. லென்சோடு அரை மீட்டருக்குள் போயாக வேண்டும். தூரத்தை அருகே இழுக்கும் 105 மி.மீ. என்றால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி நிற்கலாம். தவிர, அவ்வளவு நெருங்கி எடுத்தால் மூக்கு புடைத்துக் காதுகள் பின்னுக்குப் போய்விடும். எங்கள் பையனுக்கு அப்படியொரு மூக்கு, முருகன் அருளால், கிடையாது.

இன்னொன்று, சத்தம். எஸ்எல்ஆர் கேமராவில் உள்ளே கண்ணாடி எழும்பி விழும் ஓசை கேட்கும். யாரோ எடுத்துவிட்டார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். இப்போதைய மிர்ரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. மின்னணு ஷட்டரைப் போட்டுவிட்டால் சத்தமே வராது. கோயிலுக்குள் நல்லதுதான். ஆனால் எடுக்கப்படுகிறவருக்கு எந்தத் தகவலும் இல்லை.

கண்ணாடி போனதில் எனக்கு ஒரு லாபமும் உண்டு. பழைய நிக்கான் எஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடைவெளி 46.5 மி.மீ. இன்றைய நிக்கான் இசட் என்ற மிர்ரர்லெஸ் கேமராவில், பிலிமுக்குப் பதில் படம் பதியும் உணரிக்கு (சென்சார்) 16 மி.மீ.தான். அந்த வித்தியாசத்தை நிரப்ப நடுவே ஓர் இணைப்பு வளையம் போட்டால் அப்பாவின் 105 மி.மீ. லென்ஸ் பாந்தமாக உட்கார்ந்துகொள்கிறது. குவியத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும்; நடந்துவரும் காவடியில் பத்துக்கு ஏழு தப்பும். தப்பட்டுமே.

தீமிதி, தைப்பூச நாள்களில் வாசகர் படங்களை வெளியிடும்போது, லென்ஸ் விவரத்தோடு "படத்தில் இருப்பவரிடம் காட்டினீர்களா?" என்றும் ஒரு வரி கேளுங்கள்.

காவடி போய்ச் சேரும் டேங்க் ரோடு கோயிலை நெருங்கும்போது நான் எடுத்த படம் ஒன்றை அச்சிட்டுத் தம்பி வீட்டில் கொடுத்தேன். பழைய லென்சில் மின்தொடர்பு இல்லாததால் கோப்பில் துளை அளவு பதிவாகவில்லை. பின்பக்கம் பென்சிலால் நாளையும் பையன் பெயரையும் எழுதினேன். அவன் அம்மா அதன் அடியில் "பால்குடம்: நான்" என்று சேர்த்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் அவருடைய கை மட்டும்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
வாசகர், அங் மோ கியோ